ஸ்டீரியோ ஆம்ப்ளிபையருக்கும் ஸ்பீக்கருக்கும் மின்சாரக் காவல்

புது டில்லியில் கோல் மார்க்கெட் என்று வழங்கும் பகுதி, 1921-ஆம் ஆண்டில் எழுந்த பன்னிரு பக்க அங்காடிக் கட்டடத்தால் பெயர் பெற்றது. அதனைச் சூழ்ந்த தெருக்களில் அரசாங்க ஊழியர் குடியிருப்புகள் நெடுங்காலமாக இருந்து வருகின்றன. மந்திர் மார்க்கில் உள்ள டில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி இங்கிருந்து தொலைவன்று. இத்தகைய குடியிருப்புகளில் கூடத்தின் ஒரு மூலையில் ஸ்டீரியோ ஆம்ப்ளிபையரும், அதன் இரு மருங்கிலும் ஸ்பீக்கர்களும் வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பள்ளிகளிலோ காலை வழிபாட்டிற்கும் விழாக்களுக்கும் ஆம்ப்ளிபையர் இன்றியமையாத சாதனமாகி விட்டது. ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு, அல்லது ஒரு பள்ளியின் ஆண்டு ஒதுக்கீட்டில் ஒரு பங்கு, இக்கருவியில் அடங்கியிருக்கும்.

இவ்வளவு பொருட்செலவில் வாங்கப்பட்ட கருவி சில வினாடிகளில் கருகிப் போவதுண்டு. அப்பொழுது கேட்கப்படும் முதல் கேள்வி, "பியூஸ் இருந்ததே, அது ஏன் காப்பாற்றவில்லை?" என்பதாகும். மின்சாரக் கோளாறுகள் யாவும் ஒரே இனத்தவை என்னும் எண்ணமே இக்கேள்விக்கு அடிப்படை. உண்மையில் அவை பலவகைப்பட்டவை. ஒன்றைத் தடுக்கும் காவல் மற்றொன்றைத் தடுக்காது. பியூஸ் தீயைத் தடுக்கிறது. எர்த் உயிரைக் காக்கிறது. மின் அழுத்தம் வரம்பு மீறும்போது இணைப்பைத் துண்டிக்கும் சாதனம் கருவியைக் காக்கிறது. ஆம்ப்ளிபையரின் உள்ளே உள்ள ரிலே ஸ்பீக்கரைக் காக்கிறது. இவற்றுள் ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யுமென நம்பியிருத்தலே பெரும்பாலான இழப்புகளுக்குக் காரணமாகும்.

கருவிக்குள் மின்சாரம் செல்லும் வழி

வீட்டிற்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுள்ள மாறு மின்சாரம். வினாடிக்கு 50 முறை சுழல்வது. ஆம்ப்ளிபையரில் உள்ள டிரான்ஸ்பார்மர் அதன் அழுத்தத்தைக் குறைக்கிறது. டயோடுகள் அதனை நேர் மின்சாரமாக மாற்றுகின்றன. பெரிய கெபாசிடர்கள் அந்த நேர் மின்சாரத்தைத் தேக்கி ஏற்ற இறக்கமின்றிச் சமப்படுத்துகின்றன. இத்தேக்கத்திலிருந்து வேண்டிய அளவு மின்னோட்டத்தை இசைக்கு ஏற்பத் திறந்தும் மூடியும் ஸ்பீக்கருக்கு அனுப்புவன வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் அல்லது அவற்றை உள்ளடக்கிய ஐ.சி. துண்டுகள். ஸ்பீக்கரில் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று காந்தத்தின் இடைவெளியில் அசைந்து காகிதக் கூம்பை அதிரச் செய்கிறது.

இச்சங்கிலியில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஓர் எல்லை உண்டு. உதாரணமாக, இந்தியக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் டிடிஏ 2030 என்னும் ஐ.சி. நேர் பக்கம் 18 வோல்ட், எதிர்ப் பக்கம் 18 வோல்ட் என்ற அளவுக்கு மேல் தாங்குமென உற்பத்தியாளர் உறுதி கூறுவதில்லை. இதற்குப் பெரும்பாலும் 12-0-12 டிரான்ஸ்பார்மரை இணைப்பார்கள். மாறு மின்சாரத்தின் 12 வோல்ட், உச்சத்தில் 1.414 மடங்கு, அதாவது 17 வோல்ட் ஆகும். டயோடில் ஏறத்தாழ 1 வோல்ட் கழிந்து 16 வோல்ட் எஞ்சும். இஃது எல்லைக்கு உட்பட்டதே. ஆனால் வீட்டு மின் அழுத்தம் 230-இலிருந்து 260-ஆக உயருமாயின், 12 வோல்ட் 13.6 ஆகிறது, அதன் உச்சம் 19.2 வோல்ட், கழிவு போக 18.2 வோல்ட். எல்லை கடந்தாயிற்று. ஒலியின் அளவைக் குறைத்து வைத்திருந்தாலும் இந்நிலை மாறாது. ஐ.சி. துண்டைத் தாக்குவது இசையன்று, மின் அழுத்தமே.

மின் அழுத்தத்தின் ஏற்றமும் இறக்கமும்

1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், வீடுகளுக்கு வழங்கும் மின் அழுத்தம் அறிவிக்கப்பட்ட அளவினின்றும் 6 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என வகுத்திருந்தன. 230 வோல்ட்டுக்கு இது 216 முதல் 244 வரையுள்ள இடைவெளியாகும். 2010-ஆம் ஆண்டில் அவ்விதிகளுக்குப் பதிலாகப் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. நன்கு அமைந்த கருவி எதுவும் இந்தச் சிறு ஏற்ற இறக்கத்தால் கெடுவதில்லை.

டில்லியில் மின்சாரத்தின் பயன் பருவத்திற்குப் பருவம் பெரிதும் மாறுபடும். கோடையில் குளிர்சாதனங்களும், குளிர்காலத்தில் வெந்நீர்க் கொதிகலன்களும் அறை வெப்பமூட்டிகளும் ஒருசேர இயங்குகின்றன. 2024 ஜூன் 19 அன்று டில்லியின் மின் தேவை 8,656 மெகாவாட்டை எட்டியது. இத்தகைய நாட்களில் தெருவின் கோடியில் உள்ள வீட்டிற்கு அழுத்தம் குறைந்தும், நள்ளிரவில் சுமை இறங்கியதும் உயர்ந்தும் காணப்படலாம். அழுத்தம் குறைவது டிரான்ஸ்பார்மர் உள்ள ஆம்ப்ளிபையருக்குப் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. ஒலி சீக்கிரமே சிதையும், அவ்வளவே. ஏற்றமே ஆபத்தானது.

நியூட்ரல் அறுந்தால் நேர்வது

எல்லாவற்றிலும் கொடியது, நியூட்ரல் கம்பி தளர்ந்தோ அறுந்தோ போவது. தெருவில் வரும் மின்சாரம் மூன்று பேஸ் கம்பிகளையும் ஒரு பொது நியூட்ரலையும் உடையது. ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு பேஸ்களுக்கு இடையேயோ ஏறத்தாழ 400 வோல்ட். ஒரு கட்டடத்தின் வீடுகள் மூன்று பேஸ்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கும். பொது நியூட்ரல் உறுதியாக இருக்கும்வரை ஒரு வீட்டின் சுமை மற்ற வீட்டைப் பாதிக்காது.

அந்த நியூட்ரல் அறுந்து விட்டதாகக் கொள்வோம். அப்பொழுது வெவ்வேறு பேஸ்களில் உள்ள இரு வீடுகள் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடர் வரிசையில் இணைந்தனவாகி விடும். ஒரு வீட்டில் 2,000 வாட் வெந்நீர்க் கொதிகலன் இயங்குகிறது; அதன் தடை ஏறத்தாழ 26 ஓம். மற்ற வீட்டில் விளக்குகளும் ஸ்டீரியோவுமாக 200 வாட் மட்டுமே. அதன் தடை ஏறத்தாழ 264 ஓம். தொடர் வரிசையில் தடை மிகுந்த பக்கத்திலேயே அழுத்தம் மிகும். கொதிகலன் உள்ள வீட்டிற்கு 36 வோல்ட்டும், ஸ்டீரியோ உள்ள வீட்டிற்கு 364 வோல்ட்டும் கிடைக்கும். அடக்கமாக மின்சாரம் செலவிடும் வீடே அதிகம் துன்புறுகிறது என்பது கருதத்தக்கது.

24-0-24 டிரான்ஸ்பார்மர் கொண்ட ஆம்ப்ளிபையரில் வழக்கமாக 33 வோல்ட் அளவில் இருக்கும் நேர் மின்சாரம் இந்நிலையில் 52 வோல்ட்டைத் தாண்டும். 50 வோல்ட் என்று குறிக்கப்பட்ட கெபாசிடர்கள் கொதித்து வெடிக்கலாம். டிரான்ஸ்பார்மரின்றி ஸ்விட்ச் முறையில் இயங்கும் புதுவகைக் கருவிகளும் தப்புவதில்லை. 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என அவற்றின் மேல் எழுதியிருக்கும். ஆனால் அவற்றில் 364 வோல்ட் மாறு மின்சாரம் 514 வோல்ட் நேர் மின்சாரமாகிறது. உள்ளே இருப்பதோ பெரும்பாலும் 400 அல்லது 450 வோல்ட் கெபாசிடர்.

நியூட்ரல் தளர்ச்சி முன்னறிவிப்பின்றி வருவதன்று. விளக்கு ஒன்று காரணமின்றி மிகப் பிரகாசமாக எரிதல், அதே நேரத்தில் பக்கத்து வீட்டில் விளக்கு மங்குதல், மின்விசிறி விட்டு விட்டு வேகம் கொள்ளுதல், மீட்டர்ப் பலகையில் கருகிய நாற்றம் ஆகியவை அதன் அடையாளங்கள். இவற்றுள் எதைக் கண்டாலும் மெயின் ஸ்விட்சை உடனே நிறுத்திவிட்டு மின் வழங்கும் அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். கோல் மார்க்கெட் பகுதிக்கு அது புது டில்லி நகராட்சி மன்றமாகும்.

அழுத்தம் மீறுகையில் துண்டிக்கும் காவல்

மின் அழுத்தம் ஏறத்தாழ 260 வோல்ட்டைக் கடந்தால் இணைப்பைத் தானே துண்டித்து, நிலைமை சீரான சில நிமிடங்களுக்குப் பிறகே மீண்டும் சேர்க்கும் சாதனம் கடைகளில் கிடைக்கிறது. நியூட்ரல் அறுவதினின்றும் ஆம்ப்ளிபையரைக் காப்பதற்கு இதுவே தக்க வழி. சாந்தினி சௌக்கில் மின்சாரப் பொருள்களின் மொத்த வியாபாரம் நடைபெறும் பாகீரத் பேலஸ் போன்ற இடங்களில் இவை பல அளவுகளில் விற்கப்படுகின்றன. ஸ்டெபிலைசர் வாங்குவோர் அதில் இந்த ஹை–லோ கட்-ஆப் ஏற்பாடு உண்டா எனக் கேட்டறிய வேண்டும். அஃது இல்லாத ஸ்டெபிலைசர், தன் எல்லை கடந்த அழுத்தத்தைச் சிறிது குறைத்துக் கருவிக்கே அனுப்பிவிடும்.

மின்னலாலும், பெரிய மோட்டார்கள் திடீரென நிற்பதாலும் கம்பிகளில் எழும் அலைகள் வேறு இனத்தவை. அவை ஒரு வினாடியின் இலட்சத்தில் சில பங்கு நேரமே நிலைக்கும். உயரமோ ஆயிரக்கணக்கான வோல்ட். இவற்றை ரிலே எதுவும் தடுக்க இயலாது. அது திறக்குமுன் அலை கடந்து போயிருக்கும். இதற்குரிய காவல் எம்.ஓ.வி. எனப்படும் வேரிஸ்டர். துத்தநாக ஆக்சைடினால் ஆன இச்சிறு வில்லை சாதாரண அழுத்தத்தில் மின்சாரத்தைக் கடத்தாது. அழுத்தம் எல்லை மீறிய கணமே கடத்தியாகி அலையை விழுங்கிவிடும். நம் நாட்டு மின்சாரத்திற்கு 275 வோல்ட் என்று குறித்த வேரிஸ்டரே பெரும்பாலும் பயன்படுகிறது.

ஆனால் வேரிஸ்டர் கணநேர அலைகளுக்கே ஏற்றது. நியூட்ரல் அறுந்து 364 வோல்ட் நிமிடக்கணக்கில் நிலைத்தால் அது தொடர்ந்து கடத்திச் சூடேறித் தீப்பற்றவும் கூடும். ஆகையால் வேரிஸ்டருக்கு முன் பியூஸ் இருந்தே தீர வேண்டும். மேலும் ஒவ்வொரு பெரிய அலையும் வேரிஸ்டரைச் சிறிது பலவீனப்படுத்துகிறது. காவல் விளக்கு அணைந்துபோன நீட்டிப் பலகை வெறும் பலகையே. அதை மாற்றிவிட வேண்டும்.

இடியுடன் மழை பெய்யும் வேளையில் பிளக்கை உருவி வைப்பதே எல்லாவற்றிலும் சிறந்த காவல். அத்துடன் ஆன்டெனாக் கம்பியையும் கேபிள் டி.வி. கம்பியையும் கழற்றி வைக்க வேண்டும். டி.வி.யிலிருந்து ஒலியை ஆம்ப்ளிபையருக்குக் கொண்டுவரும் கம்பி, மின்னலின் அலைக்கும் வழியாகிவிடும்.

மின்சாரம் நின்று மீளும் தருணமும் கவனிக்கத்தக்கது. 2012 ஜூலை 30 அன்று அதிகாலை இரண்டரை மணியளவில் வடக்கு மின் தொகுப்பு செயலிழந்தது. மறுநாள் பிற்பகல் 1 மணியளவில் வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் மூன்றும் ஒருங்கே நின்றன. டில்லி இரு நாட்களும் பாதிக்கப்பட்டது. பெரிய தடையானாலும் சிறிய தடையானாலும், மின்சாரம் திரும்பும்போது தெருவின் குளிர்சாதனங்கள் யாவும் ஒரே கணத்தில் இயங்கத் தொடங்குவதால் அழுத்தம் சிறிது நேரம் தள்ளாடும். மின்சாரம் நின்றவுடன் ஆம்ப்ளிபையரின் ஸ்விட்சை நிறுத்தி, திரும்பி வந்து ஐந்து நிமிடம் கழித்தே மீண்டும் போடுவது செலவில்லாத காவலாகும்.

பியூஸ் செய்வதும் செய்யாததும்

வீட்டுப் பலகையில் உள்ள எம்.சி.பி. அல்லது கிட்-காட் பியூஸ் சுவரினுள் ஓடும் கம்பிகளைக் காப்பதற்காக அமைந்தது. ஆம்ப்ளிபையரைப் பற்றி அதற்குத் தெரியாது. வெளியீட்டு டிரான்சிஸ்டர் ஒன்று குறுக்குச் சேர்க்கையாகி, ஆம்ப்ளிபையர் 400 வாட்டை விழுங்குவதாகக் கொண்டாலும், மெயினிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் 1.7 ஆம்பியரே. 6 ஆம்பியர் எம்.சி.பி. இதனைப் பொருட்படுத்தாது. டிரான்ஸ்பார்மர் மெல்ல வெந்து, சுருளின் பூச்சு உருகி, புகையும் தீயும் எழும்வரை அது மூடியே இருக்கும்.

ஆகையால் ஆம்ப்ளிபையரின் முதுகில் உள்ள கண்ணாடி பியூஸ் இன்றியமையாதது. அதன் அளவைக் கணக்கிடுதல் எளிது. 24-0-24 வோல்ட், 3 ஆம்பியர் டிரான்ஸ்பார்மரின் திறன் 48 × 3, அதாவது 144 வோல்ட்-ஆம்பியர். இதனை 230-ஆல் வகுக்க 0.63 ஆம்பியர் கிடைக்கும். 1 ஆம்பியர் பியூஸ் போதுமானது. ஸ்விட்சைப் போட்ட கணத்தில் டிரான்ஸ்பார்மரும் காலியான கெபாசிடர்களும் பெருத்த மின்னோட்டத்தை இழுக்குமாதலால், தாமதமாக உருகும் வகையைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். சாதாரண வகை காரணமின்றி அடிக்கடி உருகும். சலிப்புற்றவர் அங்கு 5 ஆம்பியர் பியூஸையோ, ஈயத்தாளையோ, செம்புக் கம்பியையோ வைத்துவிடுவார். அன்றே அக்கருவி தீ விபத்துக்கு ஆயத்தமாகிறது. கிட்-காட் பியூஸிலும் இதே முறைகேடு நிகழ்வதுண்டு. 5 ஆம்பியருக்கு உரியது 35-ஆம் எண் ஈயம் பூசிய செம்புக் கம்பி. அவ்விடத்தில் ஒயர் இழைகளை முறுக்கி வைத்தல் குற்றத்திற்கு ஒப்பாகும்.

இனி, பியூஸ் ஏன் டிரான்சிஸ்டரைக் காப்பதில்லை? தாமத வகை பியூஸ் தன் அளவைப்போல் இரு மடங்கு மின்னோட்டத்தில் உருகுவதற்கு இரண்டு நிமிடம் வரைகூட எடுத்துக்கொள்ளலாம். டிரான்சிஸ்டரோ ஆயிரத்தில் சில பங்கு வினாடிக்குள் அழிந்துவிடும். டிரான்சிஸ்டர் இறந்த பிறகே பியூஸ் உருகுகிறது. உருகிய பியூஸ் உயிரைக் காத்த வீரனன்று. நேர்ந்த இறப்பை அறிவிக்கும் தூதனே. ஆகவே உருகிய பியூஸை மாற்றியதும் மீண்டும் உருகினால், மூன்றாவது பியூஸைத் தேடாமல் கருவியைத் திறந்து பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

பழுது நீக்குவோர் இந்நிலையில் கையாளும் ஒரு முறை எளியது, பயனுடையது. 60 அல்லது 100 வாட் இழை விளக்கு ஒன்றை மெயினுக்கும் ஆம்ப்ளிபையருக்கும் இடையே தொடர் வரிசையில் இணைத்து ஸ்விட்சைப் போடுவர். விளக்கு ஒருமுறை ஒளிர்ந்து மங்கினால் கருவி நலமே. தொடர்ந்து பிரகாசமாக எரிந்தால் உள்ளே குறுக்குச் சேர்க்கை உண்டு. விளக்கு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் புதிதாக மாற்றிய உறுப்புகள் கருகாமல் தப்பும். இது பயிற்சி பெற்றவருக்கே உரிய சோதனை.

எர்த்: உயிருக்குக் காவல்

ஆம்ப்ளிபையரின் உலோகப் பெட்டி, பிளக்கின் மூன்றாவது, பெரிய முள் வழியே எர்த் கம்பியுடன் சேர்ந்திருக்கிறது. டிரான்ஸ்பார்மரின் முதற் சுருள் சிதைந்து பெட்டியைத் தொட்டால் மின்சாரம் அக்கம்பி வழியே நிலத்திற்குச் சென்றுவிடும். அக்கம்பி இல்லையெனில் பெட்டி முழுவதும் 230 வோல்ட் நிற்கும். அது பெட்டியோடு நிற்பதில்லை. ஒலிக் கம்பியின் வெளியுறை பெட்டியுடன் இணைந்திருப்பதால் ரிகார்ட் பிளேயர், மைக், கையில் பிடித்த மொபைல் போன் யாவற்றிற்கும் அம்மின்சாரம் பரவும். ஈரமான உடலின் தடை 1,500 ஓம் எனக் கொண்டால் உடல் வழியே ஏறத்தாழ 150 மில்லி ஆம்பியர் பாயும். அது மரணத்தை விளைவிக்கப் போதும்.

அவ்வாறிருந்தும் மூன்றாவது முள்ளை அறிந்தே நீக்கிவிடுவோர் உண்டு. அதற்குக் காரணம் ஸ்பீக்கரில் கேட்கும் "ம்ம்ம்" என்னும் இரைச்சல். ஆம்ப்ளிபையரும் டி.வி.யும் அல்லது கம்ப்யூட்டரும் வெவ்வேறு பிளக்குகளில் எர்த் பெற்று, ஒலிக் கம்பியாலும் இணைக்கப்படும்போது ஒரு வளையம் உண்டாகிறது. அவ்வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டம் இரைச்சலாகக் கேட்கிறது. எர்த்தை நீக்கினால் இரைச்சல் நிற்பது மெய்யே. ஆனால் இரைச்சலுக்கு ஈடாக உயிர்க்காவலை விற்றதாகிறது. இரு கருவிகளையும் ஒரே பலகையிலிருந்து இணைத்தலும், ஒலிக் கம்பியைக் குறுகலாக வைத்தலும் பெரும்பாலும் இரைச்சலைத் தீர்க்கும். தீராவிடில் ஒலிக் கம்பியின் இடையே ஒலிக்குரிய தனிப்பிரிப்பு டிரான்ஸ்பார்மரைச் சேர்க்கலாம். எர்த்தைத் தொடுதல் ஆகாது.

எர்த் இருப்பது மட்டும் போதாது. அது செயற்பட வேண்டும். எர்த் குழியின் தடை 20 ஓம் ஆக உயர்ந்திருக்குமாயின், கோளாறு நேரும்போது பாயும் மின்னோட்டம் 11.5 ஆம்பியரே; 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாது. டில்லியின் மே, ஜூன் மாத வெயிலில் மண் உலர்ந்து இத்தடை உயரும். உப்பும் கரியும் இட்ட குழிக்கு அவ்வப்போது நீர் ஊற்றுதல் வேண்டும். எர்த் அமைக்கும் முறைகளை இந்தியத் தர நியமம் 3043 விரிவாகக் கூறுகிறது. இதற்குத் துணையாக, 30 மில்லி ஆம்பியர் கசிந்தவுடனே மெயினைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சாதனத்தை வீட்டுப் பலகையில் பொருத்துதல் நன்று. பழைய குடியிருப்புகளில் இஃது உள்ளதா என முதலில் பார்க்க வேண்டும். உள்ள இடங்களில் அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும்.

ஸ்பீக்கரை அழிக்கும் நேர் மின்சாரம்

இதுவரை கூறியவை வெளியிலிருந்து வரும் கோளாறுகள். ஸ்பீக்கருக்குப் பெரும் பகை ஆம்ப்ளிபையரின் உள்ளேயே இருக்கிறது. வெளியீட்டு டிரான்சிஸ்டர் குறுக்குச் சேர்க்கையானால், இசைக்குரிய மாறு மின்சாரத்திற்குப் பதிலாக 33 வோல்ட் நேர் மின்சாரம் முழுவதும் ஸ்பீக்கரின் மேல் விழும். 8 ஓம் என்று குறித்த ஸ்பீக்கரின் சுருளுக்கு நேர் மின்சாரத்தில் ஏறத்தாழ 6 ஓம் தடையே உண்டு. பாயும் மின்னோட்டம் 5.5 ஆம்பியர், வெப்பமாகும் திறன் 180 வாட். கூம்பு ஒருமுறை "தப்" என்று முன்னே தள்ளப்பட்டு அங்கேயே நின்றுவிடும். அசைவு இல்லாமையால் சுருளுக்குக் காற்றின் குளிர்ச்சியும் இல்லை. சில வினாடிகளில் சுருள் கருகும். கூம்பின் காகிதம் தீப்பற்றவும் கூடும்.

பழைய முறை ஆம்ப்ளிபையர்களில் ஸ்பீக்கருக்கு முன் பெரிய கெபாசிடர் ஒன்று இருக்கும். அஃது இசையைக் கடத்தும். நேர் மின்சாரத்தைத் தடுக்கும். 2,200 மைக்ரோபாரட் கெபாசிடர் 8 ஓம் ஸ்பீக்கருடன் சேரும்போது 9 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வுகளைக் கடத்துமாதலால் இசைக்குக் குறைவில்லை. இரட்டை மின்வழங்கி கொண்ட பிற்கால அமைப்புகள் இக்கெபாசிடரை நீக்கிவிட்டன. அவற்றில் அதன் காவற்பணியை ரிலே செய்ய வேண்டும். வெளியீட்டில் ஓரிரு வோல்ட் நேர் மின்சாரம் நிலைத்து நின்றால் அதனை உணர்ந்து ரிலே ஸ்பீக்கரைத் துண்டிக்கும். ஸ்விட்சைப் போட்டுச் சில வினாடி கழித்தே ஸ்பீக்கரைச் சேர்ப்பதால் தொடக்கத்தில் எழும் "தப்" ஒலியையும் அது தவிர்க்கிறது. யூபிசி 1237 என்னும் ஐ.சி. கொண்ட சிறு பலகைகள் இதற்கெனவே விற்கப்படுகின்றன. அவற்றை உள்ளூர்க் கைவினைஞர் எளிதில் பொருத்துவார். ரிலே துண்டிக்கும்போது நேர் மின்சாரப் பொறி அதன் முனைகளுக்கிடையே தொடர்ந்து எரியக்கூடும். ஆதலால் அசையும் முனையை ஸ்பீக்கருக்கும், ஓய்வு நிலையில் தொடும் முனையைப் பொதுக் கம்பிக்கும் இணைப்பது நல்ல முறை. பொறி எழுந்தாலும் அது ஸ்பீக்கரை விட்டுப் பொதுக் கம்பிக்கே செல்லும்.

பயன்படுத்துவோரால் விளையும் கேடுகள்

கோளாறு எதுவுமின்றியும் ஸ்பீக்கர் கருகுவதுண்டு. 20 வாட் ஆம்ப்ளிபையரின் ஒலியை முழுவதும் திருகினால் அலையின் உச்சிகள் வெட்டுண்டு சதுர வடிவம் பெறுகின்றன. அப்பொழுது அது 40 வாட் வரை தர வல்லது. அதில் உயர் அதிர்வுகள் மிகுந்திருப்பதால் ட்வீட்டர் எனப்படும் சிறு ஸ்பீக்கரே முதலில் பலியாகும். ஒலி கரகரத்தவுடன் குறைத்துவிடுதலே இதற்குக் காவல்.

8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டினை இணை வரிசையில் சேர்த்தால் 4 ஓம். மூன்றினைச் சேர்த்தால் 2.7 ஓம். ஆம்ப்ளிபையரின் முதுகில் எழுதியுள்ள அளவுக்குக் கீழே இறங்குதல் டிரான்சிஸ்டர்களைச் சுட்டெரிப்பதாகும். பள்ளி விழாக்களில் கூடுதல் ஸ்பீக்கர் சேர்க்கும்போது இத்தவறு நேர்வதுண்டு. ஸ்பீக்கர்க் கம்பியின் ஓர் இழை பிரிந்து மறுமுனையைத் தொட்டாலும் அதே கேடு. கம்பியின் முனைகளை முறுக்கி ஈயம் பற்றவைத்து, ஆம்ப்ளிபையர் நின்றிருக்கும்போதே இணைக்க வேண்டும். டில்லியின் புழுதிக் காற்று வெப்பம் தணிக்கும் துளைகளை அடைத்துவிடுமாதலால் மேலும் பக்கங்களிலும் ஒரு சாண் இடைவெளி விட்டு, துணியால் மூடாமல் வைத்தல் வேண்டும்.

வகுப்பறையில் காட்டத்தக்க சோதனைகள்

நியூட்ரலின் வேலையை மெயின் மின்சாரத்தைத் தொடாமலே மாணவர்க்கு விளக்கலாம். 3 வோல்ட் பேட்டரித் தொகுதிகள் இரண்டினைத் தொடராக வைத்து, நடுமுனையிலிருந்து ஒரு கம்பியை எடுக்க வேண்டும். அந்நடுக்கம்பிக்கும் மேல் முனைக்கும் இடையே டார்ச் பல்புகள் மூன்றினை இணை வரிசையிலும், நடுக்கம்பிக்கும் கீழ் முனைக்கும் இடையே ஒரு பல்பையும் சேர்த்தால் நான்கும் ஒரே பிரகாசத்துடன் எரியும். பேட்டரியின் நடுமுனையிலிருந்து கம்பியை நீக்கியதும் மூன்று பல்புகளும் மங்க, தனிப் பல்பு மட்டும் மிகுந்து ஒளிரும். சில வேளை உருகியும் போகும். 364 வோல்ட் எவ்வாறு வந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பழைய ஸ்பீக்கர் ஒன்றின் முனைகளில் 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டால் கூம்பு ஒருமுறை நகர்ந்து, தொட்டிருக்கும்வரை அங்கேயே நிற்பதைக் காணலாம். நேர் மின்சாரம் ஒலி தருவதில்லை, வெப்பமே தருகிறது என்பதை மாணவர் கண்கூடாக அறிவர். ஓரிரு வினாடிக்கு மேல் தொட்டு வைத்தல் கூடாது.

பார்வையிடுவோர் கவனிக்க வேண்டியவை

கள ஊழியர் ஒரு வீட்டையோ பள்ளியையோ பார்வையிடும்போது பின்வரும் வரிசையில் சோதித்தல் நலம்.

1. பிளக்கில் மூன்று முட்களும் உள்ளனவா, எர்த் செயற்படுகிறதா என்பது முதல் கேள்வி.

2. பியூஸ் உரிய அளவினதா, ஈயத்தாளோ தடித்த கம்பியோ வைக்கப்பட்டிருக்கிறதா என்பது இரண்டாவது.

3. மின் அழுத்தம் மீறுகையில் துண்டிக்கும் சாதனமும், பியூஸுக்குப் பின்னே வேரிஸ்டரும் உண்டா என்பது மூன்றாவது.

4. ஆம்ப்ளிபையரில் ஸ்பீக்கர்க் காவல் ரிலே உண்டா என்பது நான்காவது. ஸ்விட்சைப் போட்ட சில வினாடி கழித்து "டிக்" என்னும் ஒலி எழுவது பெரும்பாலும் அதன் அடையாளம்.

5. ஸ்பீக்கர்களின் ஓம் அளவும் கம்பி முனைகளும் காற்றோட்டமும் இறுதியாகப் பார்க்கத்தக்கவை.

ஆம்ப்ளிபையரின் மூடியைத் திறத்தல் பயிற்சி பெற்றவருக்கே உரியது. பிளக்கை உருவிய பிறகும் கெபாசிடர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும். ஸ்விட்ச் முறைக் கருவிகளில் அது 300 வோல்ட்டுக்கு மேற்பட்டதாகவும் இருக்கலாம்.

இவ்வரிசையில் எர்த் முதலிடம் பெற்றதற்குக் காரணம் உண்டு. கருகிய ஐ.சி.யை மாற்றலாம், எரிந்த ஸ்பீக்கருக்குப் புதுச் சுருள் சுற்றலாம், கருவி முழுவதும் போனாலும் மீண்டும் வாங்கலாம். மூன்றாவது முள் காக்கும் பொருளை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. ஆகவே இரைச்சலை நீக்கும் பொருட்டு எர்த்தை நீக்கிய கருவி எங்கேனும் கண்ணில் பட்டால், மற்றக் குறைகளைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம். அதனை மட்டும் அன்றே சரி செய்துவிட வேண்டும்.